சாப்பாட்டு மேசைக்கு எந்த மரம்: புதுத் தேக்கா, பழைய வீட்டுத் தேக்கா, ரப்பர் மரமா?

பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு 5 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசையை நானே செய்வது என்று இறங்கியபோது இந்த மூன்றில்தான் மனம் மாறி மாறி நின்றது. ஒரு அங்குலப் பலகை என்றால் மேல்பரப்புக்கு 1.25 கன அடி, கால்களுக்கும் சட்டத்துக்கும் இன்னொரு கன அடி, சேதாரத்தையும் சேர்த்து 3 கன அடியாக வாங்கிவிடுங்கள்.

மூன்றிலும் விலை கூடியது புதுத் தேக்கு. மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட் பக்கம் போனால் பலகையின் ஓரத்தை முதலில் பாருங்கள். தேக்கைக் கரையான் தொடாது என்பது வைரம் பாய்ந்த பகுதிக்கு மட்டும்தான், ஓரத்தில் வெளுப்பாக ஓடும் வெளிறை அது தின்னும், இளமரத்தில் அந்த வெளிறுதான் அதிகம். ஈரம் காயாத பலகையாக இருந்தால் மேசை முடிந்த பிறகு முறுக்கிக்கொள்ளும்.

பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரமும் நிலையும் அப்படி இல்லை. பல வருடம் காய்ந்து ஆடி அடங்கிய மரம், முறுக்குகிற பயம் குறைவு, இழைத்தால் அந்தத் தேக்கு எண்ணெய் வாசம் அறை முழுக்க நிற்கும். ஆனால் ஆணி! தலை முறிந்து உள்ளே கிடந்த ஒன்றைக் கவனிக்காமல் இழைப்புளியை ஓட்டி, அலகில் அரிசியளவு பல் விழுந்து, அதைத் தீட்டி எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இப்போது காந்தத்தால் தடவாமல் எந்தப் பலகையையும் தொடுவதில்லை.

ரப்பர் மரத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தைத்தான் அறுக்கிறார்கள், உறுதியும் பரவாயில்லை. பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் போரான் உப்பு ஏற்றிய பலகையா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஆகாது, அதனால் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம், பிள்ளைகளின் படிப்பு மேசைக்கு அதையே எடுப்பேன்.

எந்த மரமானாலும் மேல்பரப்பைச் சட்டத்தோடு இறுக்கிவிடாதீர்கள். பெங்களூரின் மார்ச் வறட்சிக்கும் ஜூலை ஈரத்துக்கும் நடுவில் பலகை அகலவாக்கில் சில மில்லிமீட்டர் சுருங்கி விரியும், திருகுத் துளையையும் அதே அகலவாக்கில் நீட்டிக் குடைந்தால் அதற்கு வழி கிடைக்கும். தேக்கை ஒட்டும் முன் தின்னரால் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் கோந்து பிடிக்காது.

நான் எடுத்தது பழைய வீட்டுத் தேக்கு. கால்களைக் கழுந்து (துளைக்குள் பொருந்தும் முளை) வைத்து இறக்கினேன், ஆணித் துளைகளைத் தேக்குத் தூளும் கோந்தும் குழைத்து அடைத்தேன்.