வெள்ளத்தில் கிடந்த வண்டியை ‘புது ரைடர் செட்டப்’ என்று விற்றுவிட்டார்கள்

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் பழைய எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி உயரமான பைக் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புதிதாக வண்டி பழகும் பிள்ளைகளுக்காக வாங்குபவர்கள் கட்டாயம் படியுங்கள்.

என் அக்கா மகளுக்கு கும்பகோணத்தில் வேலை. வீடு ஆடுதுறையிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றங்கரை ரோட்டில். பாதி தார், பாதி கப்பி. மழைக்காலத்தில் சேறு, தை மாசியில் சம்பா அறுவடை நடந்தால் ரோடு முழுக்க நெல்லும் வைக்கோலும். ஸ்கூட்டியின் சின்னச் சக்கரம் அங்கே படும் பாட்டைப் பார்த்துத்தான் எக்ஸ்பல்ஸ் 200 என்று முடிவு செய்தோம். முன் சக்கரம் 21 இஞ்ச், அடியில் 220 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சீட் உயரம் 823 மில்லிமீட்டர், அவளுக்கோ கியர் வண்டியே புதிது. அது ஒன்றுதான் யோசனை.

கும்பகோணத்தில் ஒரு பழைய வண்டிக் கடையில் 2019 ஜூனில் பதிவான எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) எக்ஸ்பல்ஸ் நின்றது. சென்னை நம்பர். “ஐடி கம்பெனி ஆள் சார், வாரக்கடைசியில மட்டும்தான் எடுப்பாரு” என்றார் கடைக்காரர். உயரத்தைப் பற்றிக் கேட்டதும், “பாப்பாவுக்குத் தகுந்த மாதிரி நாங்களே இறக்கிக் கொடுத்துடுவோம்” என்று ஒரு பட்டியல் சொன்னார்: சீட் இறக்குவது, புது டயர், புது செயின் ஸ்பிராக்கெட், கிராஷ் கார்டு, ஃபுல் சர்வீஸ். அதற்குப் பெயர் ‘நியூ ரைடர் செட்டப்’. வண்டி 84,000, செட்டப் 12,000. இந்த மாடல் 2019 மே மாதம் வந்தபோது எஃப்ஐ வண்டிக்கு டெல்லி ஷோரூம் விலையே 1.05 லட்சம்தான். இருந்தாலும் எல்லாம் புதிதாகப் போட்டுத் தருகிறார்களே என்று 96,000 கொடுத்தோம். பில்லில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எழுதச் சொல்லி வாங்கினேன். அந்தக் காகிதம்தான் இப்போது கைகொடுக்கிறது.

வண்டி வந்தது. பளபளவென்று இருந்தது.

முதலில் தொந்தரவு கொடுத்தது சைடு ஸ்டாண்ட். ஸ்டாண்டில் போட்டால் வண்டி சாயாமல் கிட்டத்தட்ட நேராக நின்றது. கரையில் காற்று அடித்தாலே வலது பக்கம் விழுந்தது. மணலில் போனால் ஹேண்டில் பார் தானாக இழுக்கிறது என்றாள் பெண். “மாமா, எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோ?” என்று கேட்டாள். நான் ஓட்டிப் பார்த்தேன், எனக்கும் இழுத்தது. புதிதாகப் பழகுபவர்களிடம் இந்த மாதிரி வண்டியைத் தள்ளிவிடுவது எவ்வளவு வசதி பாருங்கள், கோளாறு வண்டியில் இருந்தாலும் பழி ஓட்டுபவர் மேல் விழும்.

மாயவரத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலே தள்ளி முன்பக்கத்தை மட்டும் இறக்கியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே சொன்னார். பின்பக்கம் அப்படியே. மூக்கு குனிந்த வண்டி மணலில் நிலையாகப் போகாது. இறக்கினால் இரண்டு பக்கமும் சமமாக இறக்கி, சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டுமாம். சீட்டைக் கழற்றினால் உள்ளே ஃபோமை ரம்பத்தால் அறுத்த தடம். நடுவில் அடித்தட்டே உட்காரும் இடத்தில் இடிக்கும் அளவுக்கு அறுத்திருந்தார்கள். அந்த ஃபோமை அவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அப்புறம் வேறு எதுவும் பேசாமல் இன்ஜின் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார்.

ஆயில் பால் காபி நிறத்தில் இறங்கியது. கும்பகோணம் பக்கத்து ஆளுக்கு அந்த நிறத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போய், ஆயிலோடு கலந்து வெளுத்திருக்கிறது. மேலாக ஒரு தடவை ஆயிலை மாற்றினாலும், கிளட்ச் கவருக்குள் ஒட்டியிருக்கும் வண்டல் புது ஆயிலையும் வெளுக்க வைத்துவிடும். இதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஹாரனுக்குப் பின்னால், ஃபிரேம் மூலையில் காய்ந்த நைசான வண்டல். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு. ஒயரிங் கப்ளரைப் பிரித்தால் பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. பெயின்ட் அடித்த ரிம் மினுமினுக்கிறது, ஸ்போக்ஸ் நிப்பிளுக்குள் துரு. ஹேண்டில் பார் திரும்பும் பேரிங்கில், அதுதான் கோன் செட், கிரீஸே இல்லை.

புது டயர் என்று எழுதியிருந்தார்களே, அதையும் பார்த்தோம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. எங்கள் பின் டயரில் 1619. அதாவது 2019ஆம் ஆண்டு 16ஆவது வாரம் செய்த டயர். வண்டியோடு வந்த அதே டயருக்குக் கறுப்பு பாலிஷ் அடித்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். என்னால் பொறுக்க முடியாதது அடுத்தது. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுப்பது ஏபிஎஸ். சாவி போட்டதும் அதன் விளக்கு மீட்டரில் எரிய வேண்டும், வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். எங்கள் வண்டியில் அந்த விளக்கு எரியவே இல்லை. மெக்கானிக் மீட்டரைப் பிரித்தார். விளக்கு வரும் இடத்தின் மேல், நகத்தளவுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியிருந்தது. அதை உரித்தெடுத்தால் விளக்கு விடாமல் எரிகிறது: ஏபிஎஸ் யூனிட் செத்துப்போயிருக்கிறது. வைக்கோல் கிடக்கும் ரோட்டில் ஒரு புது ரைடர் பயந்து முன் பிரேக்கை அழுத்தினால் காப்பாற்ற இருப்பது அது ஒன்றுதான். கவனிக்காமல் விட்டிருந்தால் சோம்பல் என்று சொல்லலாம். கத்தரிக்கோல் எடுத்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

தண்ணீர் எங்கே புகுந்தது என்பதற்கு இன்சூரன்ஸ் காகிதமே துப்புக் கொடுத்தது. கிளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் நோ கிளெய்ம் போனஸ். 2023 பாலிசியில் அது 45 சதவீதம். 2024 பாலிசியில் பூஜ்யம். கிளெய்ம் வாங்கினால்தான் போனஸ் அப்படி விழும், இல்லையென்றால் பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருக்க வேண்டும். இங்கே இரண்டு பாலிசிக்கும் நடுவில் இடைவெளி இல்லை. இரண்டுக்கும் நடுவே 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல் வெள்ளம். ஆர்சி முகவரி வேளச்சேரி. கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி பார்க்கப் போனால் நடப்பு பாலிசியோடு நிறுத்தாமல் அதற்கு முந்தைய வருடத்துப் பாலிசியையும் கேளுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிட வேலை.

கடைக்காரரிடம் போனோம். முதலில் “செகண்ட் ஹேண்ட்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்றார். ஸ்டிக்கர் படத்தைக் காட்டியதும், பழைய ஓனர் ஒட்டியிருப்பார் என்றார். பில்லைக் காட்டினோம். “சரி, வேற வண்டி எடுத்துக்கங்க, வித்தியாசத்தை மட்டும் கொடுங்க” என்று இன்னொரு எக்ஸ்பல்ஸைக் காட்டினார். அதுவும் சென்னை நம்பர். குனிந்து ஹாரனுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். மண்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அது படிவம் 29பி. ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்த தகவலை 29சியில் பதிய வேண்டும். இவரிடம் இரண்டும் இல்லை. சென்னை ஓனர் கையெழுத்துப் போட்ட 29, 30 என்ற பெயர்மாற்றப் படிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஓனரிடமிருந்து நேரே எங்களுக்கு மாற்றிவிட்டார். காகிதத்தைப் பார்த்தால் நடுவில் கடை என்று ஒன்றே இல்லை. பில் வாங்காதவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தும் பதிவு செய்யலாம். நாங்கள் அதையும் செய்தோம், கடைக்காரர் பதில் போடவில்லை.

ஃபோர்க்கைப் பழைய இடத்துக்கே இறக்கியாயிற்று. சீட்டுக்குப் புது ஃபோம் போட்டு, பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங் இறுக்கத்தை, மட்டும் குறைத்ததில் அவளுக்கு ஒரு கால் நன்றாக ஊன்றுகிறது. அவள் உயரத்துக்கு ஆரம்பத்திலேயே அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. ஏபிஎஸ் யூனிட்டை மாற்றவில்லை. ஆணையத்தில் காட்ட வேண்டும் என்பதால் அதையும், உரித்த ஸ்டிக்கரையும் அப்படியே வைத்திருக்கிறோம். அதுவரை அவள் ஸ்கூட்டியில்தான் போய்வருகிறாள்.