தனிச் சட்டமா, கம்பெனிச் சட்டமா? அரசு நிறுவனங்களுக்கு எது காவல்?

இந்தியாவில் அரசு ஒரு தொழிலை நடத்தப் பெரும்பாலும் இரண்டு சட்ட வழிகள். அதற்கென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போடலாம்; எல்.ஐ.சி. 1956-இல் அப்படிப் பிறந்தது. இல்லையென்றால் கம்பெனியாகப் பதிவுசெய்து, 51 சதவீதத்துக்குக் குறையாத பங்கை அரசு வைத்துக்கொள்ளலாம். நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா அந்த ரகம்.

தனிச் சட்டத்தில் பொறுப்பு எழுத்தில் நிற்கும். எல்.ஐ.சி. சட்டத்தின் 37-வது பிரிவு பாலிசிப் பணத்துக்கு அரசையே ஜாமீன் ஆக்குகிறது. அரசு கட்டளையிடுவதாக இருந்தாலும் 21-வது பிரிவின்படி எழுத்தில் தர வேண்டும். அதுவும் பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயத்தில்தான். ஆனால் சட்டம் பழசாகிவிடும். 2022 மே மாதம் பங்குச்சந்தைக்கு வருவதற்காக, முந்தைய ஆண்டே நாடாளுமன்றத்தில் அதைத் திருத்த வேண்டியிருந்தது.

கம்பெனிக்கு இந்தச் சிக்கல் இல்லை. நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை இயக்குநர், தணிக்கைக் குழு, பங்குதாரர் பொதுக்கூட்டம் எல்லாம் சட்டத்திலேயே உண்டு, தணிக்கையாளரை அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. நியமிப்பார். எனக்கு முக்கியமாகப் படுவது, வெளியாள் கேள்வி கேட்க இதில் ஒரு வாசல் இருப்பது. 2010-இல் கோல் இந்தியாவின் 10 சதவீதப் பங்குகளை அரசு விற்றது. 2012 ஏப்ரலில், மின் நிலையங்களுடன் நிலக்கரி ஒப்பந்தம் போடச் சொல்லிக் குடியரசுத் தலைவர் பெயரில் அந்தக் கம்பெனிக்கு அரசின் உத்தரவு வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த டி.சி.ஐ. என்ற முதலீட்டு நிதியம், சிறுபான்மைப் பங்குதாரராக, அரசுத் தலையீட்டை எதிர்த்து வழக்குக்குப் போனது. பிறகு பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. மின்சாரத்துக்கு நிலக்கரி வேண்டும் என்ற அரசின் கவலை நியாயமானதே. ஆனால் அதனால் வரும் சுமையை அரசா, மற்றப் பங்குதாரர்களா, யார் ஏற்பது என்ற கேள்வி பொதுவெளிக்கு வந்ததே பெரிய லாபம்.

அந்த வாசலைக் குறுக்கியது, கம்பெனிச் சட்டத்தின் சில விதிகளிலிருந்து அரசுக் கம்பெனிகளுக்கு விலக்கு தந்த 2015 ஜூன் அறிவிக்கை. மற்ற கம்பெனிகளில் சுயேச்சை இயக்குநரின் தகுதியை இயக்குநர் குழு பார்க்கும். அரசுக் கம்பெனியில் அதைத் துறை அமைச்சகம் பார்க்கும். அமைச்சகத்தைத் தட்டிக் கேட்க வேண்டியவரை அமைச்சகமே எடை போடுகிறது! இந்த விலக்கு நீங்கினால், என் ஓட்டு கம்பெனிச் சட்டத்துக்குத்தான்.

மூன்றாவது யோசனையும் உண்டு. 2014-இல், வங்கி நிர்வாகத்தை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த பி.ஜே. நாயக் குழு, வங்கி தேசியமயச் சட்டங்களை நீக்கி, அரசுப் பங்குகளைத் தனி முதலீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொன்னது. 2016-இல் வந்ததோ வங்கித் தலைமைப் பதவிகளுக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் ஒரு வங்கி வாரியக் குழு மட்டுமே. நியமனம் இன்னும் அரசின் கையில்தான்.