சத்தம் வருகிறது, படம் இல்லை: என் 43 அங்குல டிவி அனுபவம்

நான் வைத்திருக்கும் அதே மாடல் டிவி இப்போது விலை குறைந்திருக்கிறதாம். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் நண்பர் "வாங்கலாமா அண்ணே?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது, சுங்கை சிப்புட்டில் எங்கள் தெருவில் பலர் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிகோடர் பெட்டியைத் தனியாக வாங்கி மாட்டினார்கள். என் டிவியில் அந்த டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 டியூனர் உள்ளேயே இருப்பதால் ஏரியல் கம்பியைச் செருகியதோடு வேலை முடிந்தது. அடைமழையில் ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவியின் சிக்னல் போய்விடும் நேரத்திலும் அம்மாவுக்கு டிவி2 தமிழ்ச் செய்தி தடங்கல் இல்லாமல் வரும். நிறமும் அருமை, முகங்கள் முகமாகவே தெரியும்.

என் கோபமெல்லாம் பேக்லைட் மேல்தான், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு மேல்.

ஒரு நாள் டிவியைப் போட்டதும் திரை ஒரு நொடி வெளிச்சம் காட்டிவிட்டு இருண்டது. சத்தம் மட்டும் நன்றாக வருகிறது, ரிமோட்டில் சேனலும் மாறுகிறது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், திறந்துகூடப் பார்க்காமல் "பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பேனல் என்றால் படம் காட்டும் கண்ணாடித் திரை. அது பொய். வீட்டுக்கு வந்து விளக்கையெல்லாம் அணைத்து, டிவியை ஓடவிட்டு, டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாக, ஆனால் முழுதாகத் தெரிந்தது. பேனல் படம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பின்னால் விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். டார்ச் அடித்துப் பார்க்க ஒரு காசு செலவில்லை. எந்தக் கடைக்கும் போகும் முன் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள்.

எல்சிடி பேனலுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் பின்னால் வரிசையாக ஒட்டிய எல்இடி பட்டைகள்தான் வெளிச்சம் தருகின்றன. தீபாவளி சரவிளக்கு மாதிரி இவை தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு எல்இடி அறுந்தாலும் அந்தத் தொடர் முழுவதும் அணையும். எல்இடிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் அதைக் கண்டுபிடித்து மிச்சத்தையும் நிறுத்திவிடும். அந்த ஒரு நொடி வெளிச்சத்துக்குக் காரணம் இதுதான்.

அக்கா மகன் மின்சார வேலை தெரிந்தவன். அவனும் நானும் கூடத்தில் மெத்தையை விரித்து, டிவியைக் கவிழ்த்துப் பிரித்தோம். "மாமா, சுவிட்சை அணைச்சாப் பத்தாது, பிளக்கையும் பிடுங்கிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்க" என்றான். சரியான பேச்சு. பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்), பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது. நூறு வெள்ளிகூடப் பெறாத பட்டைகளை மாற்ற, திரையைச் சுற்றியுள்ள பெசல் சட்டத்தைக் கழற்றி, கண்ணாடிப் பேனலைத் தூக்கி, வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூசர் தாள்களை வரிசை மாறாமல் எடுத்து வைக்க வேண்டும். பேனல் ஓரத்தில் இருக்கும் மெல்லிய ரிப்பன் கேபிள்களில் ஒன்று கிழிந்தால் டிவி நிஜமாகவே போய்விடும். தனியாகத் தூக்கவே கூடாது, இரண்டு பேர் வேண்டும். பின்பக்கம் ஒரு கதவு வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம், கெட்ட எல்இடியை மட்டும் மாற்றாதீர்கள். மற்றவையும் அதே சூட்டில் வெந்தவைதான், பழையதும் புதியதுமாகக் கலந்தால் வெளிச்சம் திட்டுத் திட்டாகத் தெரியும். செட்டாகவே மாற்றுங்கள். 3 வோல்ட் எல்இடியும் 6 வோல்ட் எல்இடியும் இருக்கின்றன, பழைய பட்டையில் அச்சடித்த எண்ணைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு எல்இடி மேலும் ஒரு சின்ன லென்ஸ் உட்கார்ந்திருக்கும். அது கழன்று விழுந்தால் திரையில் வெள்ளை வட்டம் தெரியும்.

பட்டைகள் ஏன் கருகின? பெட்டியிலிருந்து வரும்போதே பேக்லைட் உச்ச அளவான 100-ல் இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் எல்இடி சீக்கிரம் சாகிறது. மெனுவில் பிரைட்னஸைக் குறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மாடலில் அது படத்தில் கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்பதைத்தான் மாற்றுகிறது. விளக்கைக் குறைக்க பேக்லைட் என்ற தனி வரியைத் தேட வேண்டும், அதையும் உள்ளே எங்கோ புதைத்து வைத்திருக்கிறார்கள். நான் இப்போது 50-ல் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அதுவே தாராளம்.

பட்டைகளை மாற்றிய பிறகு இப்போது படம் புதிது போல இருக்கிறது. வின்மீன் சேனலில் நாடகம் ஓடும்போது வீட்டில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. இந்த விலைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது என்பதும் உண்மை. இருந்தாலும், தம்பி, வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாங்கியே ஆக வேண்டுமென்றால், சுவரில் மாட்டும் முன் அந்த பேக்லைட் வரியைத் தேடிக் குறைத்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்கு வாங்க, காட்டுகிறேன்.