5,000 லீற்றர் தாங்கியில் எட்டாத 940 லீற்றர்

தண்ணீர்ப் பவுசர் வண்டி வரும் வரும் என்று வாளி அடுக்கி அலுத்துப்போன நண்பர் கேட்கிறார்: மழைநீர்த் தாங்கி கட்டினால் கோடை தாங்குமா? தாங்கும். குழாயை எந்த உயரத்தில் பூட்டப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வெயிலில் நாலு கோடை கண்ட தாங்கி எங்களுடையது, கம்பிவலையும் சீமெந்தும். நிரம்புவதில் குறையே இல்லை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 40 சதுர மீற்றர் தகரத்தில் 100 மில்லிமீற்றர் பெய்தால், சிந்தியது போக 3,200 லீற்றராவது பீலியில் இறங்கும். மாரியில் இரண்டு அடைமழை போதும். குடிக்க, சமைக்க மட்டும் நாளைக்கு 20 லீற்றர் எடுத்தால் 250 நாள் வரும்.

கணக்கில்தான் 250. மேசன் குழாயை உள்தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பூட்டிவிட்டார். தாங்கியின் உள்விட்டம் 2 மீற்றர். ஆக, குழாய்க்குக் கீழே 940 லீற்றர் கிடக்கிறது. 47 நாள் தண்ணீர்! கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று அடித்து, கிணற்றில் அடி தெரிகிற ஆவணியில் குழாயைத் திறந்தால் காற்று. மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கெண்டைக்கால் அளவு தெளிந்த தண்ணீர். வாளி விட்டால் வண்டல் கலங்கி, அதுவும் உதவாது.

மேசன் பக்கமும் நியாயம் உண்டு. குழாயடியில் குடம் நிற்க வேண்டும், வண்டல் குடத்துக்குள் வரக்கூடாது. ஆனால் குடத்துக்காக உயர்த்த வேண்டியது அத்திவாரத்தை, குழாயை அல்ல. அத்திவாரத்துக்குள் மண்ணை நனைத்து நனைத்து இடித்து நிரப்ப வேண்டும். நிறைந்த தாங்கியில் தண்ணீரே 5 தொன், மண் இறங்கினால் தாங்கி வெடிக்கும். குழாய்க்கு உள்தரையிலிருந்து நாலு விரல் உயரம் போதும். வண்டலுக்குத் தனி வழி: தரையை ஒரு பக்கம் சரித்து, தாழ்ந்த இடத்தில் ஒன்றரை அங்குலப் பைப், வெளியே திருகு மூடி. மாரிக்கு முன் திறந்து கழுவிவிடலாம். கட்டி முடிந்த பிறகு துளை போடப் போகாதீர்கள்; வலைக்கம்பி அறுந்து சுற்றிவரக் கசியும்.

கூரை அழுக்கோடு வரும் முதல் மழையைக் கழிக்கும் பைப்பும் இதே கதைதான். இந்தக் கூரைக்கு 20 லீற்றராவது வெளியே போக வேண்டும். 4 அங்குலப் பைப் மீற்றருக்கு 8 லீற்றர்தான் பிடிக்கும், அதனால் இரண்டரை மீற்றர் தேவை. இங்கே தொங்குவது ஒரு முழத் துண்டு, அழகுக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முற்றாக வற்றவிட்ட சீமெந்துத் தாங்கி வெயிலில் காய்ந்து மயிரிழையாய் வெடிக்கும். இதில் ஒரு வெடிப்பும் இல்லை. எட்டாமல் கிடந்த அந்தத் தண்ணீர்தான் காப்பாற்றியிருக்கும். அதற்கும் நாலு விரல் தண்ணீர் போதுமே, ஓர் அடி எதற்கு?

கட்டுங்கள். இதே அளவு, இதே வகை. குழாய் பூட்டுகிற அன்றைக்கு மட்டும் வேலைக்குப் போகாமல், அளவு நாடாவோடு மேசனுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.