ஈரத்தரையில் வழுக்காமல் இருக்க: ஐந்து வருடம் பயன்படுத்திப் பார்த்ததில் எது நின்றது?

நான் பராமரிப்பைக் கவனிக்கும் அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளம் முழுக்கப் பளபளப்பான டைல்ஸ். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், வாசலைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு பெண்மணி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் வாங்கியது, ஒட்டியது, பூசியது எல்லாம் எப்படி உழைத்தன என்று எழுதுகிறேன்.

முதலில் ஆன்டி-ஸ்லிப் டேப். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. படிகளின் விளிம்பில் நன்றாகப் பிடித்தது. ஆனால் தினமும் ஈர மாப் படும் வாசலில் நாலே மாதத்தில் ஓரம் கிளம்பி, முடியும் அழுக்கும் சேர்ந்து கறுப்புக் கோடாக நின்றது. ஒருவர் செருப்பு நுனி அதில் மாட்டித் தடுமாறினார். அன்றே வாசலில் இருந்ததை உரித்துவிட்டேன். இப்போது படிகளில் மட்டும்தான்.

அடுத்து, டைல்ஸின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அரித்துச் சொரசொரப்பாக்கும் ரசாயனப் பூச்சு. குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே சிக்கும் நீர்ப்படலம் ஒதுங்க வழியில்லாததால்தான் கால் வழுக்குகிறது. ஊசல் போல ஆடும் கை தரையை உரசிப் போக, எவ்வளவு பிடிமானம் என்று எண்ணாகக் காட்டும் பெண்டுலம் கருவியால் அளந்தோம். ஈரத்தில் 36-ம் அதற்கு மேலும் வந்தால் வழுக்கும் அபாயம் குறைவு; 24-ம் அதற்குக் கீழும் என்றால் அதிகம். பூசியதும் 36-ஐத் தாண்டியது. ஒன்றரை வருடத்தில், எல்லோரும் நடக்கும் தடத்தில் மட்டும் மறுபடி இறங்கிவிட்டது. ஒருமுறை பூசினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டைல்ஸ் பெட்டியில் வழுக்காத தன்மைக்கான தர எண்ணாக ஆர்9 என்று போட்டிருந்ததைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன். அந்த வரிசை தொடங்குவதே 9-இல்தான், 13 வரை போகும். 9 என்றால் இருப்பதிலேயே கடைசி.

நான் எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்தது பெரிய பலன்: மாப் வாளி. தரை துடைக்கும் மருந்தை மூடியால் அளக்காமல் கைக்கு வந்தபடி ஊற்றியதால் தரையில் சோப்புப் படலம் தங்கி, காய்ந்த பின்னும் விரலால் தேய்த்தால் வழவழவென்று இருந்தது. அளவு மூடி கொடுத்தோம். ஈர மாப் போன கையோடு காய்ந்த மாப்பும் போக வேண்டும் என்று வைத்தோம். வேலை இரட்டிப்புதான், ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு ஆள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. போடாமல் இதைக் கேட்பது நியாயமில்லை.

எச்சரிக்கைப் போர்டைப் பற்றி அங்கே வேலை செய்யும் அக்கா சொன்னதுதான் சரி: "அது எப்பவுமே அங்கதான சார் நிக்குது, யாரு பாப்பாங்க?" இப்போது தரை காய்ந்ததும் எடுத்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும்விட உழைத்தது வாசல் மிதியடி. முன்பு இருந்தது ஒரே எட்டில் தாண்டிவிடும் நீளம். இப்போது இரண்டு காலும் மூன்று தடவையாவது படும். மழை நாளில் மணிக்கொரு தரம் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். தண்ணீர் கசிந்தால் அது துடைக்காது, ஈரத்தை உள்ளேதான் கொண்டுபோகும். மாற்றுவதற்கு இன்னொரு செட் காய்ந்தபடி இருக்கும்.

இன்னும் சரிவராதது வண்டி நிறுத்தத்திலிருந்து ஏறும் சரிவுப்பாதை. அங்கே எண்ணெயும் சேர்கிறது. அடுத்த மழைக்கு முன் அதை எடுத்துவிட்டு ஆர்12 டைல்ஸ் பதிக்கக் கேட்டிருக்கிறேன்.