இரண்டு மரணங்கள்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலும், புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' சிறுகதையும் ஒரு பெண்ணின் மரணத்தில் நம்மைக் கலங்க வைக்கின்றன. ஆனால் கலங்கவைக்கும் முறை முற்றிலும் வேறு. கல்கியின் மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் உயிர்விடும்போது, அவளது நிறைவேறாத காதலை நீண்ட காலம் அறிந்திருந்த வாசகர், ஏற்கெனவே தளும்பி நிற்கும் மனத்தோடு அழுதுவிடுகிறார். ஆசிரியரும் அவரோடு சேர்ந்து அழுகிறார். வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்களுக்கு அந்தத் துணை தேவைப்பட்டிருக்கும்.

புதுமைப்பித்தனோ மரணத்தைக் கதையின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார். பிரமநாயகம் பிள்ளை மனைவியின் பாதி திறந்திருந்த இமைகளை மூடுகிறார், தாறுமாறாகக் கிடந்த கைகளை எடுத்து நெஞ்சின்மேல் மடித்து வைக்கிறார், கோணியிருந்த காலை நிமிர்த்துகிறார். அழுகை இல்லை. அவளை நாம் இன்னும் அறியவில்லை என்பதால் முதல் வாசிப்பில் கண்ணீரும் வருவதில்லை. அவர்களுடைய வறுமையையும் அவளது நோயையும் அவருடைய பொறுமையையும் கதை பின்னோக்கிச் சொன்ன பிறகே, அந்தக் கைகளை மடித்த செய்கைக்குள் எத்தனை ஆண்டு வாழ்க்கை அடங்கியிருந்தது என்பது உறைக்கிறது. மணிமேகலைக்காக அழுதால் மனம் லேசாகிறது. செல்லம்மாளின் துயரத்துக்கு அப்படி வடிகால் இல்லை. என் கணிப்பில் அதுவே வலிமையான காட்சி.