கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஒற்றைத் திரையரங்கு: நெடுநாள் பார்வையாளரின் அனுபவம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் எங்கள் பகுதியில், புரொஜெக்டரில் கார்பன் குச்சிகளை எரித்து ஒளி உண்டாக்கிய காலத்திலிருந்து இன்றுவரை தாக்குப்பிடித்து நிற்கும் ஒற்றைத் திரையரங்கு ஒன்றில் சிறுவயது முதல் படம் பார்த்து வருகிறேன். பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ போய்வருவது எளிதாகிவிட்ட இந்நாளிலும் இந்த அரங்கையே முதலில் பரிந்துரைப்பேன். அதன் பழமைக்காக அல்ல. இரு மொழிப் படங்களுக்கும் காட்சி நேரத்தைப் பங்கிடும் முறைக்காக.

வழக்கமான வாரங்களில் காலைக் காட்சியும் இரவுக் காட்சியும் தமிழ்ப் படத்துக்கும், மற்ற இரண்டும் மலையாளப் படத்துக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஓணத்துக்கும் விஷுவுக்கும் மலையாளப் படம் நான்கு காட்சிகளையும் எடுத்துக்கொள்ளும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தமிழ்ப் படம் எடுத்துக்கொள்ளும். தென்னந்தோப்புகளில் கள் இறக்குபவர்கள் மாலையிலும் மரம் ஏற வேண்டியிருப்பதால் அவர்களுக்கு இரவுக் காட்சியே வாய்க்கும் என்பதை அறிந்தே வழக்கமான வாரங்களில் இரவுக் காட்சியைத் தமிழுக்கு வைத்திருக்கிறார்கள். 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபோது இந்தப் பங்கீடே தேவைப்படவில்லை. கொடைக்கானல் குணா குகையில் நடக்கும் அந்த மலையாளப் படத்தில் தமிழ் உரையாடலும் நிறைய இருந்ததால், மலையாளம் சரளமாக வராத எங்கள் வீட்டுப் பெரியவர்களும் உடன் வந்து ரசித்தார்கள்.

எல்லையோரம் என்பதால் மட்டுமே நேரும் கூட்டம் ஒன்று உண்டு. 2023 அக்டோபரில் ‘லியோ’ வெளியானபோது தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சி தொடங்க அனுமதியில்லை. கேரளத்தில் விடிகாலை 4 மணிக்கே திரையிட்டார்கள். அதனால் பெரிய நடிகர்களின் படம் வெளியாகும் நாட்களில் பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர்கள் இரவோடு இரவாக வண்டி கட்டி வந்துவிடுகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் திங்கட்கிழமைவரை பொறுத்திருப்பது நல்லது.

எனக்குள்ள உண்மையான வருத்தம் தெலுங்குப் படங்களைப் பற்றியது. அவை தமிழிலும் மலையாளத்திலும் மொழிமாற்றம் செய்யப்பட்டு வரும்போது, இங்கே பெரும்பாலும் மலையாள வடிவத்தையே போடுகிறார்கள். தமிழ் வழிப் பள்ளிகள் உள்ள ஊர்ப்பக்கத்தில் இரவுக் காட்சிக்கேனும் தமிழ் வடிவத்தைக் கேட்டு வாங்கலாம் என்று மேலாளரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

ஒளியைப் பொறுத்தவரை இன்றைய நிலை மிக நன்று. முன்பெல்லாம் கார்பன் குச்சிகள் எரிந்து தேயத்தேய அவற்றுக்கிடையிலான இடைவெளியை ஆபரேட்டர் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். சற்றுத் தவறினால் திரை மங்கும், முன்வரிசையில் விசில் பறக்கும். 2,000 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடமே ஓடும் என்பதால், ஒரு புரொஜெக்டர் முடியும் நொடியில் மற்றொன்றை ஓடவிட்டு, தாவல் தெரியாமல் படத்தைக் கொண்டுசெல்வது பெரும் கைத்திறன். அந்தத் திறனுக்கு உரிய மரியாதை எங்கள் ஊரில் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். இப்போது டிஜிட்டல் புரொஜெக்டரில் படம் கீறலின்றி, ஆடாமல் தெரிகிறது. சினிமாஸ்கோப்புக்கென்று அகலமாக அமைத்த பழைய திரை என்பதால் அவ்வகைப் படங்கள் முழுத்திரையையும் நிறைக்கின்றன. மற்றவற்றுக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை விழும்.

ஒலி அவ்வளவு சீராக இல்லை. திரைக்குப் பின்னிருந்து மட்டும் ஒலி வந்த காலத்தில் கட்டிய நீண்ட, உயரமான கூடம் இது. பக்கச் சுவர்களில் ஒலிபெருக்கிகள் பொருத்தியபின் சண்டைக் காட்சிகளில் எதிரொலி கலந்து வசனம் தெளிவிழக்கிறது. சுவர்களில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பதித்த பின்பாதியில் இந்தத் தொல்லை குறைவு. முன்பாதிக்கும் அதைச் செய்து முடிக்க வேண்டும்.

முன்வரிசைக் கட்டணம் இன்னும் 100 ரூபாய்க்குள் இருக்கிறது. அந்த வரம்புக்குட்பட்ட சீட்டுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்துள்ளது. கழிப்பறை தூய்மையாக உள்ளது. இடைவேளையில் பருப்பு வடையும் கட்டன் சாயாவும் (பாலில்லாத் தேநீர்) நியாய விலைக்குக் கிடைக்கின்றன. புதிதாக வருபவர்கள் பால்கனியின் நடுவரிசையில் இடம் கேட்டு வாங்குங்கள். வசனம் மிகத் தெளிவாகக் கேட்பது அங்கேதான்.